வெயிலோடு வீடு போகிறவர்

மாலையில் சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் திணித்துவிட்டு, இன்னும் எழுதாத நிரலுக்கு, தோற்கும் என்று தெரிந்தே ஒரு சோதனையை எழுதி வைக்கிறார் அக்கா. தோற்றதற்கு அடையாளமாகத் திரையில் சிவப்பாக ஒரு வரி நிற்கிறது. நாளைக் காலை அந்த நிரலை எழுதி அதைப் பச்சையாக்குவதுதான் முதல் வேலை. எங்கே விட்டோம் என்று முழிக்க வேண்டாம். "பாதியில விட்டாத்தான் காலைல கை பரபரங்கும்" என்பார்.

மென்பொருள் எழுதும் எங்கள் மாடியில் வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போகிற ஒரே ஆள். அதனால் வெயிலக்கா. கேலிக்கு வைத்த பெயர். அவரோ அதைத் தன் காபிக் கோப்பையிலேயே எழுதி ஒட்டிக்கொண்டார்.

காலையில் வந்ததும் கீபோர்டைத் தொடமாட்டார். பென்சிலும் பழைய காகிதமுமாக உட்கார்ந்து, செய்ய வேண்டியதைக் கட்டம் கட்டமாகக் கிறுக்குவார். அதற்குள் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதி, அதில் பிழை தேடிக்கொண்டிருப்போம். கூட்டத்துக்குக் கூப்பிட்டால், "எதை முடிவு பண்ணப் போறோம்?" என்று கேட்பார். பதில் இல்லையென்றால் வரமாட்டார். நாங்களோ? பகலெல்லாம் அரட்டை, இருட்டிய பிறகு உழைப்பு. மேலாளர் கண்ணில் படும்படி கொட்டாவி வேறு. வெட்கக்கேடு.

குழுத் தலைவர் பதவி இந்த முறை அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். மேலாளருக்கும் மனம் இருந்தது. ஆனால் நேரத்தோடு கிளம்புகிறவரை எப்படித் தலைவராக்குவது என்று மேலிடம் கேட்கிறதாம். மேலாளர் அக்காவின் மேசைக்கே வந்து நைசாக ஒரு வழி சொன்னார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம். பக்கத்து நாற்காலியில் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்கம்மா கல்லு மாதிரி இருக்காங்க சார். அவங்கள எதுக்குப் படுக்க வைக்கணும்?"

"ஒரு பேச்சுக்குத்தானேம்மா சொல்றேன்."

"வேலை முடிஞ்சுது, கிளம்புறேன். இதுக்கு மேல என்ன காரணம் வேணும்?"

அவர் நகர்ந்ததும், ஒரு பொய்யில் என்ன குடி முழுகிவிடும் என்று அக்காவைத் திட்டினேன். தான் இன்று அந்தப் பொய்யைச் சொன்னால், நாளைக்கு நேரத்தோடு கிளம்ப நினைக்கிற ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு நோயாளியைத் தேட வேண்டிவரும் என்றார்.

நேற்று மாலை அறிவிப்பு வந்தது. பதவி, எங்களிலேயே அதிக நேரம் உட்கார்ந்து கொட்டாவி விடும் எங்கள் கொட்டாவி மன்னருக்கு. நல்ல மனுஷன்தான், பாவம். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அக்கா கண் கலங்கியதை மறைக்கவில்லை. "வலிக்கத்தான் செய்யுது" என்றார். பிறகு வழக்கம்போல் அந்தத் தோற்கிற சோதனையை எழுதினார்.

பின்பக்கம் ஒரு படிக்கட்டு உண்டு. என்றைக்காவது சீக்கிரம் நழுவினால் நாங்களெல்லாம் பூனை மாதிரி அந்த வழியாகத்தான் இறங்குவோம். அக்கா ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை. நேற்றும் மேசைகளுக்கு நடுவே நடந்து, மேலாளரின் கண்ணாடி அறை முன் நின்று, தினமும் செய்வதுபோல விரலால் தட்டினார். உள்ளே குனிந்த தலை நிமிரவில்லை. நிமிரும்வரை தட்டிக்கொண்டே நின்றார்; நிமிர்ந்ததும் கையை உயர்த்தி, "போயிட்டு வரேன்" என்று அசைத்துவிட்டு, வெயிலில் இறங்கினார்.