அத்தான் தேற்றிய வண்டி

எங்கள் அத்தானுக்குக் கார்க் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் 'ஆகட்டும் சார்' என்று பெயர். மேலாளர் தும்மினாலும் அவர் வாயில் வருவது அதுதான். நானும் அங்கேயே வேலை பார்ப்பதால், அந்தக் கூத்தைத் தினமும் பார்க்கும் பாக்கியம் எனக்கு.

வறண்ட நாளில் சீட்டில் உரசி இறங்கி, கதவைத் தொட்டால் சுரீரென்று ஒரு பொறி கடிக்குமே, அந்த நிலைமின்சாரம் பட்டு வண்டியின் மின்னணுப் பாகங்களுக்குக் கிறுக்குப் பிடிக்கிறதா என்று பார்ப்பது அத்தானின் வேலை. துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அதன் முனையைச் சுவிட்சு, கைப்பிடி என்று ஒவ்வொன்றிலும் சட்டென்று கொண்டுபோய் வைக்க வேண்டும். மனிதர்கள் அப்படித்தான் தொடுவார்கள். தயங்கித் தயங்கிக் கொண்டுபோனால் மின்சாரம் வழியிலேயே கசிந்து, பொறி நமத்துப்போகும்.

புது மாடல் வந்தது. கதவுச் சுவிட்சில் ஒழுங்காகச் சுட்டபோது எல்லாப் பூட்டுகளும் தாமாகவே விழுந்தன. எந்தச் சாவிக்கும் மசியவில்லை. விற்பனைக்கு விட நாள் குறித்தாயிற்றே என்று மேலாளரின் முகம் சுண்டியது. ஆகட்டும் சார் என்று அத்தான் மறுபடி சுட்டார், சுவிட்சுக்கு வலிக்குமோ என்பதுபோல அத்தனை மெதுவாக. வண்டி தேறியது. அத்தான் தலைமைப் பரிசோதகரானார். நான் சண்டை போட்டேன். பிழைக்கத் தெரியாதவன் என்று சிரித்தார்.

பொய் சொல்பவனையாவது சகித்துக்கொள்ளலாம். தன் பொய்யைத் தானே நம்புகிற ஆளை என்ன செய்வது? மகளுக்கும் அதே வண்டியை வாங்கிக் கொடுத்தார்.

ஒரு கோடை நடுப்பகலில் அவள் அப்பா வீட்டு வாசலில் இறங்கி, கதவைச் சாத்தச் சட்டென்று சுவிட்சருகே கை வைத்தாள். பொறி கடித்தது. கதவு சாத்திக்கொள்ள, எல்லாப் பூட்டுகளும் விழுந்தன. பின்சீட்டில் அவளுடைய கைக்குழந்தை.

அவள் அலறலில் வீட்டுக்குள்ளிருந்த நானும் அத்தானும் ஓடிவந்தோம். தலைமைப் பரிசோதகர் சாவியை அமுக்கியபடியே நின்றார். உள்ளே குழந்தை அழுது, சிவந்து, பிறகு அழுவதையும் நிறுத்தியது. இரும்புக் கம்பியால் கண்ணாடியை உடைத்தேன். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, கடைசியில் அது வீறிட்டபோதுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

"அப்பா, இந்த வண்டிய நீங்கதானே டெஸ்ட் பண்ணீங்க?" என்றாள் அவள்.

அத்தான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நீ ஏம்மா அவ்வளவு வேகமா கை வெச்ச?"