கிளாண்டில் நாலு சொட்டு

எண்ணெய் டப்பாவும் ஸ்பானருமாகக் காலம் தள்ளிய என் சகாக்களுக்குத் தெரியும்: ஒழுகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை என்று ஊர் நினைக்கிறது, அளவாக ஒழுக விடுவதுதான் உண்மையில் நம் வேலை.

நனையாத செருப்பு

யுத்தத்துக்கு முன்னால் ஒரு மோட்டார் படகில் ஆயில்மேனாக இருந்தேன். எஞ்சினிலிருந்து, தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் விசிறிக்குப் போகும் தண்டு, படகின் பின்பக்கத் துளை வழியாக வெளியே போகும். அந்தத் துளையில் கொழுப்பு ஊறிய கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றி, ஒரு மூடியை வைத்து நட்டுப் போட்டு அழுத்துவோம். அதுதான் கிளாண்டு. தண்டு சுற்றும்போது நிமிஷத்துக்கு நாலைந்து சொட்டுத் தண்ணீர் உள்ளே விழ வேண்டும். இல்லாவிட்டால் தண்டு சூடாகிவிடும்.

ஒரு நாள் முதலாளியின் மைத்துனர் புதுச் செருப்போடு ஏறினார். காலடியில் ஈரத்தைப் பார்த்து முகம் சுளித்தார். பயந்துபோய் நட்டை இறுக்கித் தொலைத்தேன். சொட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் கயிறு கருகி, தண்டு இறுகி, நடுத் தண்ணீரில் படகும் நின்றது. துடுப்புப் படகு ஒன்று வந்து அவரை ஏற்றிக்கொண்டபோது சொன்னார்: "செருப்பு நனையலை, ரொம்ப சந்தோஷம். நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

மலைக்கு வந்த எஞ்சின்

அடுத்த வேலை கொல்லிமலையில். அங்கே எடப்புளி நாடு என்கிற பகுதியில் காப்பித் தோட்டம் போட்ட ஒருவர், ஒரு பழைய படகு எஞ்சினையும் பம்பையும் வாங்கியிருந்தார். அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து ஆட்கள் அவற்றை மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். பம்பிலும் அதே கிளாண்டுதான்; படகில் தண்ணீர் உள்ளே சொட்டும், இதில் வெளியே சொட்டும்.

கோடை முழுவதும் ஓடைத் தண்ணீரை நாற்றங்காலுக்கு ஏற்ற வேண்டும். முதலாளி மரியாதையாகவே சொன்னார்: "ஏனுங்க, கன்னுக காஞ்சு போச்சுன்னா நீங்களும் கீழ எறங்கிக்குங்க."

தேன்மெழுகு

தண்ணீர் பாய்ச்சுகிறவர் சடையன், மலைக்காரர், நாற்பது வயதிருக்கும். கிளாண்டுக் கயிற்றை மோந்து பார்த்து என்ன நாற்றம் என்று கேட்டார். மாட்டுக் கொழுப்பு என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். வந்தது வினை. பம்புத் தண்ணீர் விழும் தொட்டியில்தான் எல்லாரும் குடிப்பார்கள். ஒருவரும் மண்வெட்டியைத் தொடவில்லை. கன்றுகள் தலை தொங்கின.

மத்தியானம் சடையனே தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் கொண்டுவந்தார். உருக்கிப் புதுக் கயிற்றை ஊறவைத்துப் போட்டேன். வெண்ணெய் மாதிரி சுற்றியது தண்டு. சடையன் கேட்டார்: "மலையில தேனடை இல்லாமயா சாமி மாட்டைத் தேடிப் போனீங்க?"

மண் அப்பிய கதை

எஞ்சினை ஓட்டவும் நிறுத்தவும் சடையனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மண்ணெண்ணெய் வாங்கப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போனேன். சொட்டைப் பற்றிச் சொல்ல மறந்தேன். திரும்பி வந்தால் மெழுகு கருகிய வாடை. கிளாண்டைச் சுற்றி அழகாகக் களிமண் அப்பியிருந்தது. தண்டு முழுக்கக் கீறல்.

கத்தித் தீர்த்தேன். சடையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "வயல்ல நண்டு வளை ஒழுகுனா மண்ணுதானுங்க அப்புவோம். ஒழுகறதுக்குன்னே ஒரு மிசினு இருக்குமுன்னு யாருங்க கண்டா?"

முதலாளி வந்தார்

தண்டைத் தேய்த்துச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் சடையன் தன் ஊர்க்காரர்களைக் கூட்டி வந்து, ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து கன்றுகளுக்கு ஊற்றினார். கத்தியதற்கு வெட்கப்பட்டேன். சொட்டுக் கணக்கை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பம்பு மறுபடி ஓடியதும் சடையன் பக்கத்திலேயே குந்தி, விரல் விட்டுச் சொட்டை எண்ணத் தொடங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். கன்றுகள் பச்சையாக நின்றன. அதைப் பார்க்காமல் பம்பைப் பார்த்து, "இப்படி ஒழுகுதே, அந்த நட்டை இறுக்கக் கூடாதா?" என்று ஸ்பானரை எடுத்தார். நான் வாயைத் திறக்குமுன் சடையன் குறுக்கே போய் நின்றார்: "கையை எடுங்க சாமி. அது சொட்டுனாத்தான் உங்க கன்னு பொழைக்கும்."

ஆக, என் வேலை தப்பியது. ஆனால் அன்றிலிருந்து பம்பைப் பற்றி என்ன கேட்க வேண்டுமானாலும் முதலாளி என்னைத் தாண்டிப் போய்ச் சடையனைத்தான் கேட்டார்.