கழுத்தில் இறகில்லாத கோழிகள்

இறகே இல்லாத அந்தச் சிவந்த கழுத்தைத் தொட்டால் சொரசொரவென்று, காய்ச்சல்காரரின் நெற்றிபோலச் சூடாக இருக்கும். நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம், தெலுங்கு பேசும் ஊரொன்றின் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில், எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் வளர்க்க அம்மா தேர்ந்தெடுத்தது அந்தக் கோழிகளைத்தான். அம்மாவின் ஊரான கோவில்பட்டிப் பக்கத்தில் அந்த இனத்துக்குக் "கிராப்புக்கோழி" என்று பெயர்.

பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலைபார்த்த அப்பாவுக்கோ வெள்ளைக் கோழி மேல்தான் ஆசை. தினமும் முட்டையிடும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும் என்றார்.

"முட்ட போடும், சரிங்க. இந்த ஊரு மே மாச வெயில அது தாங்குமா? கழுத்துல முடி இல்லாட்டி சூடு வெளிய போயிரும்லா. அதுவே அடை உக்காந்து குஞ்சும் பொரிக்கும்" என்றாள் அம்மா.

"நீ என்ன கோழி டாக்டரா?" என்று அப்பா சிரித்தார். கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவாயிற்று. அவர் மூன்று வெள்ளைக் கோழிகளை வாங்கிவந்தார். அம்மா சந்தையில் அலைந்து தேடி, இரண்டு கிராப்புக் கோழிகளும் ஒரு சேவலுமாகக் கூடையில் கொண்டுவந்தாள்.

குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. "இதி கோடா, ராபந்தா?" என்று எதிர்வீட்டுக்காரர் தெலுங்கில் கேட்க, கோழியா பிணந்தின்னிக் கழுகா என்ற அந்தக் கேள்வி பள்ளிவரை என்னோடு வந்தது. பக்கத்து வீட்டு ஷானாஸ் ஆன்ட்டிகூட, "ஐசி முர்கி கைக்கு லாயே ஜீ?" என்று வருத்தப்பட்டார். இப்படிப்பட்ட கோழியை ஏன் வாங்கினாய் என்று அர்த்தம். ஊருக்கு வந்து ஆறு வருடமாகியும் தெலுங்கு பேசக் கூச்சப்பட்டு, காய்கறி வாங்கக்கூட என்னை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நிற்கும் அம்மா, கூடையைத் திறந்து கோழிகளை விட்டாள்.

மே வந்தது. மதியமானால் கரண்டும் போய்விடும். வெள்ளைக் கோழிகள் இறக்கையை விரித்து, அலகைத் திறந்து இரைத்தன. அப்பா ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிட்டார், தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தார். அப்படியும் ஒரே வாரத்தில் இரண்டு செத்தன. அவற்றைப் புதைத்துவிட்டு வந்தவர் குழாயடியில் கையைக் கழுவினார். அவருக்குப் பக்கத்தில், செம்பருத்திச் செடியின் நிழலில், கிராப்புக்கோழி ஒன்று சாவகாசமாக மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. இன்னொன்று அடை உட்கார்ந்திருந்தது.  அம்மா மிச்சமிருந்த வெள்ளைக் கோழியைத் தூக்கிவந்து, சமையலறையில் தன் காலடியில், குளிர்ந்த தரையில் விட்டுக்கொண்டாள். அது பிழைத்தது.

முதல் மழை விழுந்த வாரத்தில் குஞ்சுகள் பொரிந்தன. பார்க்க வந்தவர்களிடம் அப்பா, "நான் இல்ல சார், எங்க வீட்டம்மா செலக்‌ஷன்" என்று தெருமுனைக்குக் கேட்கும் குரலில் சொன்னார். ஷானாஸ் ஆன்ட்டி கிண்ணத்தோடு வந்து, "நை நக்கோ போலோ ஜீ, அடை வைக்க அண்டே தேவ்" என்று, இல்லையென்று சொல்லிவிடாதே என்பதுபோல, தமிழும் தக்கனி உருதுவுமாக முட்டை கேட்டார். எதிர்வீட்டுக்காரரும் வந்தார். நான் வழக்கம்போல முன்னால் போய் நின்றேன். அம்மா என்னை மெல்ல நகர்த்திவிட்டு, தப்பும் தவறுமான தெலுங்கில், முட்டையை எங்கே வைக்கவேண்டும், கோழியை எப்போது தொந்தரவு செய்யக்கூடாது என்று அவருக்கு விளக்கினாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். என் நெஞ்சு நிமிர்ந்தது அன்றுதான்.

அடுத்த கோடைக்குள் எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் கழுத்தில் இறகில்லாத கோழிகள் மேய்ந்தன.

இப்போது அந்த வரிசையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். கோழி கிளறிய மண்ணின் மேல் கார்கள் நிற்கின்றன. அதே ஊரில், ஹப்சிகுடாவில் நாங்கள் இப்போது இருக்கும் ஃப்ளாட்டில் அம்மாவை எல்லோரும், ஐ.டி. கம்பெனியில் வேலைபார்க்கும் பெண்ணுடைய அம்மா என்றுதான் அறிவார்கள். காஞ்சன்பாக்கிலோ அம்மாவை வைத்து நான்தான் "கோழி ஆன்ட்டி பொண்ணு". அப்படி என்னைக் கூப்பிட இங்கே ஒருவரும் இல்லை.