கால்வலின்னு சபையில பொய் சொன்னேன்

ஆண்டவருக்குள்ள பிரியமான எல்லாருக்கும் தோத்திரம். எம் பேரு சாமுவேல். திருச்சுழி பக்கம் கருவேல மரம் வெட்டி கரிமூட்டம் போடுறவன். நான் சொல்லப்போற சாட்சிக்கு உங்களுக்குச் சிரிப்பு வரும். வந்தா சிரிச்சிருங்க. எம் பொண்டாட்டி எஸ்தரு இப்பவே முந்தானைய வாயில வச்சிட்டா, அந்தா பாருங்க.

1993 தை மாசம் ஆரம்பிச்சது. ஒண்ணுக்குப் போனா ஆணுறுப்பு நுனியில சுருக்குன்னு வலிக்கும். அடிவயித்திலேருந்து எறங்கி வந்து நுனியில நிக்கும். எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல். பல்லைக் கடிச்சிக்கிட்டு நிப்பேன், கண்ணுல தண்ணி வந்துரும்.

யார்கிட்டச் சொல்ல? நான் கரி லோடோட வெளியூர் போயி ரெண்டு நாள், மூணு நாள் தங்கி வாரவன். அங்க வலின்னு சொன்னா ஊரு என்ன நெனைக்கும்? ஆண்டவர் அறிய நான் எந்தத் தப்புக்கும் போனதில்ல. ஆனா எஸ்தரு நம்பணுமே! அவ மொகம் மாறிட்டா நான் எங்க போவேன்? அந்தப் பயத்துலயே வாயத் தொறக்கல.

ஒரு ஞாயித்துக்கெழமை எங்க ஊரு சபையில பாஸ்டரய்யா, "ஜெபக்குறிப்பு உள்ளவுக சொல்லுங்க"ன்னாரு. எந்திரிச்சிட்டேன். எந்திரிச்ச பெறகு நாக்கு ஒட்டிக்கிச்சு. "கால்வலி, அய்யா"ன்னுட்டேன்.

போதுமா! சபையே எங்காலுக்காக அழுதுச்சு. ஒரு அக்கா தைலம் காச்சிக் கொண்டாந்தாக. எஸ்தரு தெனமும் வெந்நி ஒத்தடம் குடுத்தா. நொண்டாம நடந்தா சந்தேகம் வந்துரும்னு நானும் நொண்டினேன். ஒரு வாரம் வலது காலு, மறுவாரம் மறந்துபோயி இடது காலு. "வலி எடம் மாறுதே, இது சாத்தானோட வேலை"ன்னு சித்திரை மாசம் எனக்காக மூணு நாள் உபவாச ஜெபமே வச்சிட்டாக.

நானும் உபவாசம், பொழுது சாயுற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாம. மேல சித்திரை வெயிலு, முன்னால மூட்டத்து அனலு. மூணாம் நாள் காலையில ஒண்ணுக்கு சுத்தமா அடைச்சிருச்சு. முக்கிப் பாத்தேன். ரெண்டு சொட்டு ரத்தம்தான் வந்துச்சு. அடிவயிறு பானை மாதிரி உப்பிருச்சு. செத்துருவேன்னே நெனச்சேன்.

எஸ்தரக் கூப்பிட்டு அழுதுக்கிட்டே சொன்னேன். "காலு இல்லடி, வலி அங்க. ஆனா நான் எங்கயும் தப்பாப் போகல."

அவ சுருக்குப்பைய எடுத்து இடுப்புல சொருகினா. "அட கூறுகெட்ட மனுசா! உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? இதுக்கா நான் காலுக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டுக் கெடந்தேன்? எந்திரிங்க, பஸ்ஸு வந்துரும்."

எனக்குப் பாதி உசுரு அப்பவே வந்துருச்சு. அருப்புக்கோட்டை பஸ்ஸுல முன்சீட்டுக் கம்பியப் புடிச்சிக்கிட்டு ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, கால்ல ஒண்ணுமில்ல. உமக்குத் தெரியும். எனக்கு ஒண்ணுக்கு வரல. காப்பாத்தும்." நாலு மாசத்துல நான் பண்ணுன மொத நெசமான ஜெபம் அதான்.

ஆஸ்பத்திரியில போயி நின்னா, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வர்ற மூத்திர வியாதி டாக்டரு அன்னிக்கு வந்திருக்காரு! கெளம்ப எந்திரிச்சவரு என் மொகத்தப் பாத்துட்டு பையக் கீழ வச்சாரு. மரத்துப்போற மருந்து விட்டு, வழியில சிக்கி நின்ன கல்ல இடுக்கியால எடுத்தாரு. துவரம்பருப்பு தண்டி இருந்துச்சு. அதுக்குப் பின்னால வந்துச்சு பாருங்க, மடை தொறந்த மாதிரி! அல்லேலூயான்னு கத்திட்டேன். நர்ஸம்மா சிரிச்சிட்டாக.

டாக்டரு சிரிக்கல. "கண்ணு வலிச்சா நாலு மாசம் பொத்திக்கிட்டு இருப்பியாய்யா? அனல்ல வேலை செய்றவன் தண்ணி குடிக்காம இருந்தா கல்லு வரத்தான் செய்யும்"னாரு. அங்க வலிக்கக் காரணம் கல்லு மட்டும் இல்லையாம். மூத்திரப் பாதையில கிருமி, முன்தோல்ல புண்ணு, சர்க்கரை வியாதி, அடிபட்டது, உடல் சேர்க்கையில தொத்துன நோயி, எப்பவாச்சும் புத்துநோயின்னு பல இருக்காம். பாத்தாத்தான் எதுன்னு தெரியுமாம். ஒண்ணுக்கு அடைச்சாலோ, ரத்தம் வந்தாலோ, காய்ச்சலோட வலிச்சாலோ, பின்னால தள்ளுன முன்தோலு திரும்பாம வீங்குனாலோ, விறைச்சது மணிக்கணக்கா எறங்காம வலிச்சாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாம அப்பவே ஓடி வரணும்னாரு.

அந்த ஞாயித்துக்கெழமையே சபையில எந்திரிச்சு, பொய் சொன்னத ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டேன். பாஸ்டரய்யா தொண்டையச் செருமிக்கிட்டு, "அப்ப காலுக்குப் பண்ணுன ஜெபமெல்லாம் என்னாச்சு, தம்பி?"ன்னாரு. "அதான் அய்யா காலு ரெண்டும் தேக்குக்கட்டையா இருக்கு"ன்னேன். சபையே கொல்லுன்னு சிரிச்சிருச்சு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துச்சு.

ஆராதனை முடிஞ்சதும் ஒரு அண்ணன் என்னைய வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனாக. அவுகளுக்கு ஆறு மாசமா முன்தோலு வெடிச்சு எரியுதாம். வீட்டுல கூடச் சொல்லல. மறுநாளே கூட்டிக்கிட்டுப் போனேன். பாத்தா சர்க்கரை. இப்ப மருந்து சாப்பிட்டு நல்லா இருக்காக.

மூணு வருஷமாச்சு, எனக்குத் திரும்ப வலி வரல. மூட்டத்துக்குப் போறப்ப ரெண்டு கொடம் தண்ணி கூடவே வரும். கர்த்தர் நல்லவரு. உள்ளதச் சொன்ன அன்னிக்கே உதவி அனுப்புனாரு.

இந்தக் கூட்டத்துலயும் வலியோட ஒக்காந்திருக்கிறவுக இருப்பீக. திங்கக்கெழமை காலையில திருச்சுழி பஸ் ஸ்டாண்டுல, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸுக்கு நான் நிப்பேன். வந்து எம் பக்கத்துல நில்லுங்க. எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். டாக்டருகிட்ட நீங்க சொல்லிருங்க, அது போதும்.