ஹேண்ட் பிரேக் போட அப்பா மறக்கவில்லை

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் எங்களோடு வந்து அமர்ந்திருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் மகளின் வணக்கம். உங்கள் கையிலுள்ள இந்நினைவு மலரின் ஆறாம் பக்கம் வெற்றாக இருப்பது அச்சகத்தாரின் பிழையன்று. அப்பா வேலை பார்த்த லாரியின் முதலாளி தம் படத்துடன் ஓர் இரங்கல் செய்தி அனுப்பியிருந்தார். அதைப் போட எனக்கு மனம் வரவில்லை.

அப்பா பிறந்தது சேத்தூரில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ராஜபாளையத்தில் லாரி கழுவி, கிளீனராகி, பின்பு ஓட்டுநரானார்கள். திருமணத்துக்குப் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் குடியேறினார்கள். என் பன்னிரண்டாம் வயதில் அம்மா காலமானார்கள். அதன்பின் எனக்குத் தலை பின்னிவிட்டுத்தான் அப்பா வண்டி எடுப்பார்கள். பின்னல் எப்போதும் கோணலாகவே இருக்கும்.

இரண்டு நிமிடம் டீ குடிக்க நிறுத்தினாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இறங்கி, இரண்டு வேப்பங்கட்டைகளைச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுப்பது அப்பாவின் பழக்கம். கல்யாண வீட்டில் பட்டு வேட்டியோடு வேன் சக்கரத்தடியில் குனிந்ததை உங்களில் பலர் பார்த்துச் சிரித்திருப்பீர்கள்.

"என்ன மாமா, வண்டிக்குக் கொலுசு போட்டாச்சா?" என்று மற்ற ஓட்டுநர்கள் கேலி பேசுவார்கள்.

"போட்டாச்சுலே. ஒன் வண்டிக்கும் ஒண்ணு போடு."

கல் வைப்பது மட்டும் அப்பாவுக்குப் பிடிக்காது. "வச்ச கல்ல ரோட்டுலயே போட்டுட்டுப் போயிருவானுக. பின்னால பைக்குல வாரவன் என்ன பாவம் பண்ணுனான்?" என்பார்கள்.

கடைசியாக ஓட்டிய லாரியில் காற்று கசிந்து, பின் சக்கரங்களில் ஹேண்ட் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டது. புதுப் பாகம் மாற்றாமல், அந்தப் பிரேக் பிடிக்கவே முடியாதபடி போல்ட் போட்டு முறுக்கிவிடச் சொன்னார் முதலாளி. வண்டி ஓடியது. ஆனால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் புஸ்ஸென்று சத்தம் மட்டும் வரும், வண்டி நிற்காது. பேட்டரியும் போயிருந்தது; அணைத்தால் ஆள் வைத்துத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும் என்பதால், போன இடத்தில் இன்ஜினை அணைத்துக் கியரில் நிறுத்தவும் வழியில்லை. அப்பா மூன்று முறை சொன்னார்கள்.

"லோடு இறங்கட்டும் அண்ணாச்சி, பொறவு பாப்போம். அதான் கட்டை வச்சிருக்கீகளே" என்று பதில் வந்தது.

வத்திராயிருப்பில் தேங்காய் ஏற்றப் போன அன்று, தோப்பை ஒட்டிய சரிவில் லாரி தானாக இறங்கி அப்பாவைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. மறுநாள் எங்கள் வாசலில் நின்றுகொண்டு முதலாளி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "ஹேண்ட் பிரேக் போட மறந்துட்டாரு, பாவம். வயசாயிருச்சுல்லா." வந்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தேங்காய் வியாபாரி காதர் மாமாவுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. அவர் ஒருவர்தான் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னார்: "பிரேக்க இழுத்த சத்தம் எனக்குக் கேட்டுச்சுய்யா. இறங்கிக் கல்லத் தேடிக்கிட்டிருந்தாக. தூக்கும்போதும் கையில கல்லு இருந்துச்சு."

கட்டை வைத்திருந்தவர் ஏன் கல்லைத் தேடினார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். விபத்துக்கு முந்தின நாள் எங்கள் புது வாஷிங் மெஷின் ஆடியது. சமதரையான எங்கள் வாசலில் நின்ற லாரியிலிருந்து அந்த இரண்டு கட்டைகளையும் எடுத்து அதற்கு முட்டுக் கொடுத்தவள் நான்தான். காலையில் அப்பாவிடம் சொன்னேன்.

"இருக்கட்டும்த்தா. நான் வேற செதுக்கிக்கிடுதேன். இன்னைக்கு ஒருநாள் கல்லு வச்சுக்கிடலாம்" என்றார்கள்.

முதலாளியை ஏசும்போதெல்லாம் என் வாய் பாதியில் நின்றுவிடுவது இதனால்தான். ஓராண்டாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவைத் தூக்கி வந்த தோப்புக்காரர்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட தெருப் பெண்களுக்கும் எங்கள் நன்றி.

அதே லாரியை இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவர் ஓட்டுகிறார். போன வாரம் ராஜபாளையம் போய் அந்தக் கட்டைகளை அவரிடம் கொடுத்தேன். ஹேண்ட் பிரேக் இப்போது பிடிக்கிறதா என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சத்தம் வருதுக்கா."