மாகிரட் அக்காவின் ஒரே பொன்னாடை

எனக்கு ஒபரா பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மேல்நாட்டுப் பாட்டு நாடகத்தில் ஒருத்தி கதவைத் திறந்து வெளியே போவதற்குள் கால் மணி நேரம் பாடுவாள். அதை உட்கார்ந்து பார்க்கும் பொறுமையை ஆண்டவன் எனக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் தொண்ணூறுகளில் ஜனவரி பிறந்தால் நான் ஓர் ஒபரா அரங்கத்தில் இருப்பேன். பக்கத்து வீட்டு மாகிரட் அக்கா வருகிறாயா என்று கேட்டால்தானே மறுக்க முடியும்? "சாந்தா, வெளிக்கிடும்" என்பார், கிளம்பு என்று அர்த்தம். அவ்வளவுதான்.

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்து ஹில்ஸ்பரோவில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மரவேலி ஒன்று இருந்தது. நாங்கள் மதுரை, அவர்கள் மன்னார். அவர் கதைப்பார், நான் பேசுவேன். அடுப்பில் இருப்பது அடிப்பிடிக்கும் வரை இரண்டும் நடக்கும். அக்காவுக்கு முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. அவர் கணவர் பெயர் பற்றிக், சான்ட்ரிங்ஹாம் தடத்தில் பஸ் ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. இப்போது அந்த வீட்டில் யாரோ இருக்கிறார்கள், வேலியையும் ஆள் உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குப் பிடிப்பதில்லை.

இங்கே ஜனவரிதான் கோடை. அந்த மாதம் இளம் ஒபரா பாடகர்களுக்கு நகரத்தில் ஒரு பயிற்சி முகாம் நடக்கும். கொரியா, டோங்கா, ஆஸ்திரேலியா என்று பல இடங்களிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். கடைசி வாரத்தில் அவர்கள் பாடுவதைக் கேட்கக் குடும்பங்கள் கடல் தாண்டி வரும். "அவர்களைத் தங்கவைக்க யாராவது உண்டா?" என்று பூசை முடிவில் பாதிரியார் கேட்டாராம். அவர் கேட்டு முடிப்பதற்குள் அக்கா கையைத் தூக்கிவிட்டார்.

"உமக்கு ஒப்பெரா எண்டால் என்னெண்டு தெரியுமோ?" என்றார் பற்றிக்.

"பெத்ததுகள் பிள்ளையைப் பாக்க வருகுதுகள். வேற என்ன தெரியோணும்?"

அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு பொன்னாடை இருக்கும். தமிழ்ச் சங்க விழாவில் யாருக்குப் போர்த்த வேண்டுமென்றாலும் அந்தப் பைதான் திறக்கும். விருந்தாளிகளை அழைத்துவர விமான நிலையம் போனாலும் அதே கதைதான். கதவு திறந்து, பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருபவர் தோளில் பொன்னாடை விழும், நான் படம் எடுப்பேன், படம் எடுத்ததும் அக்கா அதை மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொள்வார். ஒன்றுதானே இருக்கிறது! கொரியாவிலிருந்து வந்த ஓர் அப்பா குனிந்து குனிந்து வணங்கினார். டோங்காக்கார அம்மா ஒருத்தி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். இதுதான் நியூசிலாந்து வழக்கம் என்று ஊருக்குப் போய்ச் சொல்லியிருப்பார்கள். அந்த நாட்களில் அக்கா வீட்டில் கொரியக் கிம்ச்சி ஊறுகாயும் நண்டுக் கறியும் ஒரே மேசையில் இருக்கும். யாருக்கும் யார் மொழியும் தெரியாது, சிரிப்புச் சத்தம் மட்டும் என் சமையலறை வரை கேட்கும்.

தொண்ணூற்றேழில் வந்த பாடகி வேறு யாருமில்லை, அக்காவின் தம்பி மகள் றோஷினி. தம்பி றொய்ஸ்டன் சிட்னியில் கணக்காளர். மகளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அது தொடங்குமுன் ஒரு மாதம் பாடிவிட்டு வரட்டும் என்று போனால் போகிறதென்று அனுப்பியிருந்தார். அந்தப் பெண் அக்கா வீட்டில் வாய் திறந்தால் என் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். அவளுடைய ஆசிரியை அவளை ஆக்லாந்திலேயே தங்கிப் பாட்டுப் படிக்கச் சொன்னார். தான் பயிற்சி கொடுப்பதாகவும் சொன்னார். அவளுக்கு அதைவிட வேறு ஆசையே இல்லை. அப்பாவோ கடைசி நிகழ்ச்சியன்று வருவதாகவும், மறுநாள் கையோடு கூட்டிக்கொண்டு போவதாகவும் போனில் சொல்லிவிட்டார்.

"ஹி வோன்ட் ஈவன் லிஸன், ஆன்ட்டி" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் அழுதாள். எனக்கு அந்த மனிதர்மேல் அப்போதே கோபம் வந்துவிட்டது.

றொய்ஸ்டன் வந்தார். விமான நிலையத்தில் அவருக்கும் பொன்னாடை விழுந்தது. "என்னக்கா இது, எனக்குமோ?" என்று நெளிந்தார். பகல் சாப்பாட்டில் அக்கா மெல்ல ஆரம்பித்தார்.

"தம்பி, பெரிய வெள்ளிக்கு நீ பாடேக்கை கோயிலே அழுதது. அந்தக் குரல்தானே இவளுக்கும்?"

"அது கோயில், அக்கா. இது வேசம் போட்டு ஆடுறது. நான் ரெண்டு பிளேன் ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறன். இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம்."

நண்டுக் கறி அப்படியே ஆறியது.

அன்று மாலை அரங்கத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தோம். கதையில் றோஷினி ஒரு வேலைக்காரி. கையில் துடைப்பம், தலையில் ஒரு துணி. அப்பாவுக்கு முகம் கறுத்தது. டாக்டராக வேண்டிய பெண் இங்கே தரையைக் கூட்டிக்கொண்டு நிற்கிறாளே! ஆனால் அவள் பாட ஆரம்பித்ததும் அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் அரங்கமே கை தட்டியது. பியானோக்காரர் கையை எடுத்துவிட்டு அது அடங்கக் காத்திருந்தார்.

நம் விழாக்களில் இப்படிக் கைதட்டல் எழுந்தால் அடுத்து என்ன? பொன்னாடைதானே! அக்காவின் கை தானாகப் பைக்குள் போனது. குடும்பத்து ஆண் போர்த்துவதுதான் முறை என்று அதைத் தம்பி கையில் திணித்தார். "எழும்பு தம்பி!" சிட்னியில் எத்தனை தமிழ் விழாக்களைப் பார்த்த மனிதர் அவர்! கால்கள் தாமாக எழுந்து நடந்தன. நானும் கேமராவோடு எழுந்து நின்றேன் என்றால் பாருங்களேன். அவர் மேடைப் படியில் கால் வைத்த பிறகுதான், வேலைக்காரியைத் திட்ட வேண்டிய எஜமானி ஓரத்தில் தயாராக நிற்பது எனக்குத் தெரிந்தது.

"அக்கா, நாடகம் இன்னும் முடியல!" என்றேன்.

"ஐயோ, மாதாவே" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

றொய்ஸ்டன் மகளின் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். அதன் பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும், அப்படியே நின்றுவிட்டார். துடைப்பத்தைப் பிடித்தபடி றோஷினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்தாள். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூரப் பயணம் போகிற பிள்ளை இப்படித் தலை குனிந்து நிற்கும். பெரியவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவார்கள். அத்தனை பேர் முன்னால், அவர் பெருவிரல் மகளின் நெற்றியில் சிலுவை போட்டது.

எஜமானியாக நடித்த கொரியப் பெண்தான் மானத்தைக் காப்பாற்றினாள். வந்து வேலைக்காரியை ஒரு சுற்றுச் சுற்றினாள், பொன்னாடையின் கரையைப் பொறாமையோடு தடவிப் பார்த்தாள், பிறகு தன் திட்டுப் பாட்டை ஆரம்பித்தாள். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. றொய்ஸ்டன் இறங்கி வந்து உட்கார்ந்தார். ஒபரா பிடிக்காத நான் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அக்காவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பிள்ளையின்ர வாழ்க்கையையே கெடுத்துப்போட்டன், சாந்தா" என்றார். ஆசிரியை வந்து சிரித்துவிட்டுப் போன பிறகும் அவர் சமாதானமாகவில்லை. றோஷினி பொன்னாடையைக் கழற்றாமலே படுக்கப் போனாள். வாழ்க்கையில் முதல் முறையாக, அக்கா அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் காலை பற்றிக் எங்களை விமான நிலையத்துக்கு ஓட்டிப்போனார். றோஷினியின் பெட்டியும் வண்டியில் இருந்தது. இறங்கியதும் றொய்ஸ்டன் தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, வண்டிக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, பிள்ளையின்ர பெட்டி?" என்றார் அக்கா.

"நான் மன்னாரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு எங்கட ஐயா எனக்குச் சிலுவை போட்டு விட்டவர், அக்கா. பிறகு சாகுமட்டும் திரும்பி வா எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. நேற்று நான் இவளுக்குப் போட்டிட்டன். இனி எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது?"

அக்கா பழக்கத்தில் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். பை காலி. பொன்னாடை றோஷினியின் தோளில் இருந்தது. தம்பி சிரித்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அக்காவின் முன்னால் தலையைக் குனிந்தார்.