கறிக்கடைக்காரரின் கையில் இருந்த மருக்கள்

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடமாகக் கறிக்கடை வைத்திருக்கிறார். அரைக்கிலோ கேட்டால் ‘ம்’ என்பார், எலும்பில்லாமல் கேட்டாலும் ‘ம்’ என்பார். சரியான ஊமைக்குசும்பு. எனக்கோ வாய் ஓயாது. அவர் விரல்களில் ஏழெட்டு மருக்கள் உண்டு. “கறி வெட்டுற கை, அப்படித்தான் இருக்கும்” என்று அதையும் கண்டுகொள்ள மாட்டார்.

போன வருடம் கடையைக் கழுவிவிடும்போது ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். விலா எலும்பு முறிந்திருக்குமோ என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. இடது நுரையீரலில்தான் ஒரு கட்டி இருந்தது. புற்றுநோய். ஆரம்ப நிலைதான், வெட்டி எடுத்துவிடலாம் என்றார்கள். அந்த ஈரத் தரைக்கு நான் இன்றும் மனதுக்குள் கும்பிடு போடுகிறேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?” என்று ஆபரேஷன் டாக்டர் கேட்டார்.

“பழக்கமில்ல.”

“முன்னாடி?”

“எப்பவுமே இல்ல.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்த என் தம்பி தூபம் போட்டான். “மாமா கடையில தனியா இருக்கறப்ப ஊதித் தள்ளியிருப்பாருக்கா. சும்மா வருமா இது?”

சட்டைப் பைகளைத் துழாவினேன். சட்டையை மோந்து பார்த்தேன், கறி வாடைதான். விடுவேனா? கடைக்கே போய்க் கத்திப்பெட்டியைக் கவிழ்த்தேன். ஒரு லைட்டர் விழுந்தது.

“இது என்னங்க?”

“கோழியில ஒட்டியிருக்கற முடியைப் பொசுக்க.”

அவர் பொசுக்கி ஆயிரம் தடவை பார்த்தவள்தான் நான். பயம் கண்ணை மறைத்துவிட்டது. “பொய் சொல்லாதீங்க!” என்று கத்தி, லைட்டரை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதோடு பேச்சும் நின்றது. ஐந்தாம் நாள் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவு மூடியதும்தான் உறைத்தது. இந்த மனுஷன் உள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டால், நான் கடைசியாகச் சொன்னது ‘பொய் சொல்லாதீங்க’. நாலு மணி நேரம் அந்தப் பெஞ்சில் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

நல்லபடியாக வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் ஒரு பெண் டாக்டர் வந்தார், ஆராய்ச்சி செய்கிறவராம். சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “கையைக் காட்டுங்க ஐயா” என்று மருக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இது வைரஸால வர்றது, கறி வெட்டறவங்களுக்கு அதிகம். இதே வகையில சில வைரஸ் வேற இடங்கள்ல புற்றுநோயை உண்டாக்கும். நுரையீரல்லயும் அதுக்குப் பங்கு இருக்கான்னு தேடறோம். சில கட்டிகள்ல தடம் கிடைச்சிருக்கு, பலதுல இல்ல. கிடைச்சதுலயும் அதுதான் காரணமா, சும்மா வந்து உக்காந்திருக்கான்னு தெரியல. எடுத்த கட்டியில ஒரு துண்டு குடுத்தீங்கன்னா பரிசோதிப்போம்.”

“சிகரெட் தொடாதவங்களுக்கும் இது வருமா டாக்டர்?” என்றேன்.

“எத்தனையோ பேருக்கு வருதும்மா. பாதிப் பேருக்கு ஏன்னே தெரியறதில்ல.”

இவர் பேனாவை வாங்கினார். “எலும்பில்லாத துண்டுதான். எடுத்துக்கோங்க” என்று கையெழுத்துப் போட்டார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மகராசி நல்லா இருக்கணும்.

நான் சிரிக்கவில்லை. வைரஸ் இருக்கிறது என்று முடிவு வரட்டும், கையில் ஆதாரத்தோடு மன்னிப்புக் கேட்கலாம் என்று காத்திருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. “உங்க கட்டியில வைரஸ் எதுவும் இல்லைங்க ஐயா. ஆனா இதுவும் எங்களுக்கு ஒரு பதில்தான். ரொம்ப நன்றி.”

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது இவர் கேட்டார், “அப்ப மறுபடியும் பாக்கெட்டைத் துழாவுவியா?”

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “ஒரு ஆதாரமும் வேணாங்க. நீங்க பழக்கமில்லன்னு சொன்னா இல்லதான். இதச் சொன்னா காது குடுத்துக் கேக்க நீங்க இருக்கீங்களே, அது போதும்.”

‘ம்’ என்றார்.

மறுநாள் கடையில் என் பைக்குள்ளிருந்து லைட்டரை எடுத்து நீட்டினேன். கத்திப்பெட்டியில் பாதி தீர்ந்துபோன ஒரு தீப்பெட்டி இருந்தது. கடைக்குத் திரும்பி வந்ததிலிருந்து அதை வைத்துத்தான் பொசுக்கியிருக்கிறார். ஒரு நாள்கூட என்னிடம் லைட்டரைத் திருப்பிக் கேட்கவில்லை.